நாயும் குழந்தையும் உள்ள வீட்டுத் தோட்டத்தில் நத்தையை எப்படி ஒழிப்பது?

கீரைப்பாத்தி:
வீடு தாம்பரம் பக்கம். பின்னால் 8-க்கு 10 அடியில் கீரைப் பாத்தி, ஓரத்தில் 25 க்ரோ பேக். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ராத்திரியானால் பெரிய ஆப்பிரிக்க நத்தையும் ஓடில்லாத கருப்பு நத்தையும் வந்துவிடுகின்றன. செண்டுமல்லி நாற்று ஒரே இரவில் குச்சியாகிவிட்டது. வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை, எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற நாய். உரக்கடையில் நத்தையைக் கொல்ல நீலக் குருணை கொடுத்தார்கள், நேற்று 2 பேகில் தூவியாச்சு. பாக்கெட்டில் மெட்டல்டிஹைடு 2.5% என்று போட்டிருக்கிறது. இது பரவாயில்லையா? உப்பு, சுண்ணாம்பு, முட்டை ஓடு, காபி சக்கை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கால்நடை_மருத்துவம்:
மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தக் குருணையை எடுங்கள். நத்தையை இழுப்பதற்காக அதில் தவிடு மாதிரி தீனி கலந்திருப்பார்கள், அதே வாசனைக்கு நாயும் வரும். தின்ற சில மணி நேரத்துக்குள் தள்ளாட்டம், உடல் நடுக்கம், வலிப்பு, கடும் காய்ச்சல் என்று போகும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, அறிகுறிக்குத்தான் சிகிச்சை. அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். பறவைகளுக்கும் மற்ற விலங்குகளுக்கும் ஆபத்து என்று பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல் வெளிப்புறத்தில் போடவே தடை.

நாயை உள்ளே கட்டிவிட்டு, கையுறை போட்டு, குருணையோடு மேல்மண் ஒரு அங்குலத்தையும் சுரண்டி இரட்டைப் பையில் கட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கரைக்கப் பார்க்காதீர்கள், உள்ளே இறங்கிவிடும். நாய் தின்றிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே பாக்கெட்டோடு மருத்துவரிடம் கொண்டு போங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே உயிருக்கு உலை வைக்கும். குழந்தை வாயில் போட்டிருந்தாலும் இதே மாதிரி பாக்கெட்டோடு நேராக ஆஸ்பத்திரி.

மண்வெட்டி:
இந்த நத்தைக்கு மருந்தை விட கைதான் வேலை செய்யும். ஒரு நத்தை ஒரு ஈட்டுக்கு நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும், வருஷத்தில் பல ஈடு. ஒரு நாள் பொறுக்கிவிட்டு ஒரு வாரம் விட்டால் பொறுக்கியது வீண்.

சாயங்காலம் கோணிச்சாக்கை நனைத்துப் பிழிந்து பாத்தி ஓரத்தில் விரியுங்கள். அடியில் முட்டைக்கோஸ் வெளியிலையோ பப்பாளி இலையோ ரெண்டு கைப்பிடி. 80 சதுர அடிக்கு 2 சாக்கு போதும். விடிந்ததும், வெயில் ஏறுமுன் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி 8 மணிக்கு மேல் டார்ச்சோடு ஒரு சுற்றும் போங்கள், மழை விட்ட இரவில் கட்டாயம். கையுறையோ இடுக்கியோ இல்லாமல் தொடக்கூடாது.

வாளியில் லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பு கரைத்து, பொறுக்கியதைப் போட்டு மூடி, மூடிமேல் கல் வையுங்கள். மறுநாள் உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் வடித்துவிட்டு, செத்ததை 2 அடிக் குழியில் புதைத்து மேலே கல் வைத்தால் நாய் தோண்டாது. மிதித்து நசுக்காதீர்கள், சளி தரையெல்லாம் பரவும். 

முட்டையைத் தேடுவதுதான் பாதி வேலை. க்ரோ பேகைத் தூக்கி அடியில் பாருங்கள், பிறகு ஓரத்து மண்ணை விரலால் ஒரு அங்குலம் கிளறுங்கள். ஜவ்வரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக, இளமஞ்சளாக, கொத்தாக இருக்கும். அதையும் வாளியில் போடுங்கள். வெயில் காலத்தில் நத்தை சாவதில்லை, ஓட்டு வாயைக் காகிதம் மாதிரி வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு செங்கல் இடுக்கில் தூங்கும். சித்திரை, வைகாசியில் அதைப் பொறுக்குபவருக்கு ஐப்பசியில் பாதித் தொல்லைதான்.

பேக்குகளைச் செங்கல்மேல் ஏற்றுங்கள், அடியில் காற்று போகட்டும். தண்ணீர் காலையில் மட்டும். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம், நத்தைக்கு அதுதான் வேண்டும்.

மருந்து வேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட் குருணை கேட்டு வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 5 கிராம், உங்கள் பாத்திக்கு 35 முதல் 40 கிராம். தின்ற நத்தை தீனியை நிறுத்திவிட்டு மறைவில் போய்ச் சில நாளில் சாகும், செத்தது கண்ணில் படாததால் வேலை செய்யவில்லை என்று மேலும் மேலும் கொட்டிவிடுவார்கள். குவியலாகக் கிடந்தால் இதுவும் நாய்க்கு நல்லதல்ல, பையைக் கடித்து மொத்தமாகத் தின்றால் இரும்பு நஞ்சாகும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவி, மிச்சத்தை டப்பாவில் பூட்டி வையுங்கள். குட்டி நத்தைக்கும் ஓடில்லாததற்கும் நன்றாகக் கேட்கும், கைப்பிடி அளவு பெரியதைப் பொறுக்கத்தான் வேண்டும்.

மாடித்தொட்டி:
சமையலறைச் சரக்கு பற்றி. உப்பை மண்ணில் போட்டால் செடி போகும். சுண்ணாம்பும் சாம்பலும் காய்ந்திருக்கும் வரைதான், ஒரு தூறலில் தீர்ந்தது. அதுவும் சுண்ணாம்பு நாயின் பாதத்தையும் குழந்தையின் கண்ணையும் புண்ணாக்கிவிடும். காபி சக்கையில் காஃபின் இருக்கிறது, நாய்க்கு ஆகாது. முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல் எல்லாவற்றையும் இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி 2018-ல் லெட்டூஸ் செடியில் சோதித்தது, போடாத செடிக்கும் போட்டதுக்கும் சேதத்தில் வித்தியாசமில்லை. நாற்றுக்கு அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மண்ணில் 2 அங்குலம் அழுத்துங்கள், மூடியைக் கழற்றி வாயில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். 5, 6 இலை வரும்வரை போதும்.

கீரைப்பாத்தி:
குருணையை மண்ணோடு எடுத்தாச்சு, நாய் நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். கேரளாவில் புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்து தெளிக்கிறார்களாமே? இந்தப் பாத்திக் கீரையைச் சாப்பிடலாமா?

கால்நடை_மருத்துவம்:
அந்தக் கலவை நத்தையைக் கொல்லும், உண்மைதான். ஆனால் புகையிலையில் உள்ள நிகோட்டினும் மயில்துத்தத்தில் உள்ள செம்பும் நாய்க்கும் குழந்தைக்கும் நஞ்சு, கீரையிலும் படியும். உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

கீரைக்கு வருவோம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போகும். நத்தையையோ அதன் துண்டையோ தெரியாமல் விழுங்கினால் மனிதருக்கு மூளை உறை அழற்சி வரலாம், நாயையும் தாக்கும். நத்தையைக் கையால் தொடாதே, நசுக்காதே என்பது இதற்காகத்தான். உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதை நம்பாதீர்கள். ஒவ்வொரு இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் இரு பக்கமும் கழுவி, நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம். புதினா, கொத்தமல்லியைப் பச்சையாக அரைப்பதை இந்த மழை முடியும்வரை நிறுத்துங்கள். நாயின் தண்ணீர்க் கிண்ணத்தையும் குழந்தையின் பொம்மைகளையும் ராத்திரி உள்ளே எடுத்துவிடுங்கள், ஓடில்லாத குட்டி நத்தை கிண்ணத்துக்குள் இறங்கிக் கிடக்கும். எலி வராமல் குப்பை வாளியை மூடுங்கள், எலிப் பாஷாணம் மட்டும் வைக்காதீர்கள்.