பேட்டில்டெக் போர்டு கேமில் சொந்தமாக மெக் (ராட்சதப் போர் ரோபோ) கட்டினால் எல்லாமே மீடியம் லேசர்தானா?

கேள்வி:
எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் 55 டன் வரம்புக்குள் அவரவர் இஷ்டத்துக்கு மெக் கட்டலாம் என்று வைத்தோம். இப்போது எல்லாரும் மீடியம் லேசரை அடுக்கிக்கொண்டு வருகிறார்கள், ஆட்டமே சப்பென்று ஆகிவிட்டது. லேசர் எண்ணிக்கைக்கு வரம்பு போடலாமா?

பதில்:
தயவுசெய்து வேண்டாம். சொந்தமாகக் கட்டுவதுதானே இந்த ஆட்டத்தின் உயிர்! கணக்கைப் பாருங்கள். மீடியம் லேசர் 1 டன், 5 சேதம், 3 வெப்பம். ஆட்டோகேனான் 5 என்ற பீரங்கிக்கும் அதே 5 சேதம்தான், எடையோ 8 டன், குண்டு தனி. டன்னை மட்டும் அளவுகோலாக வைத்தால் லேசர்தான் ஜெயிக்கும். அதை அடக்குவது வெப்பம். வெப்பத்தை இரு மடங்கு ஆற்றும் கருவியான டபுள் ஹீட் சிங்க்கை விலக்கிப் பாருங்கள். எஞ்சினோடு வரும் 10 சாதாரண சிங்க் 10 வெப்பத்தைத்தான் ஆற்றும். எட்டு மீடியம் லேசரை மாட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சுட்டால் 24 ஏறும், 14 தங்கும். நடை தளரும், குறி தப்பும், மெக் அணைந்துபோகாமல் இருக்கப் பகடை உருட்ட வேண்டும். அப்புறம் யாரும் எட்டு மாட்ட மாட்டார்கள், பாருங்கள்.

பதில்:
ஒரே மேப் ஷீட்டில் ஆடுகிறீர்களா? மீடியம் லேசர் 9 ஹெக்ஸைத் (அறுகோணக் கட்டம்) தாண்டாது, ஆட்டோகேனான் 5-ஓ 18 ஹெக்ஸ் வரை எட்டும். இரண்டு ஷீட்டை நீளவாக்கில் சேர்த்துப் போடுங்கள், தூரத்திலிருந்து சுட இடம் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், ஒரே ஷீட்தான். சரி, வரும் ஞாயிறு இந்த இரண்டு யோசனையையும் சேர்த்து ஆடிப் பார்க்கிறோம்.