கோழிகளைத் துரத்தும் ஆண் வாத்து: புதுப்பிப்பு

பெட்டைக் கோழிகளின் பிடரியைக் கவ்வி மேலே ஏறும் ஆண் வாத்தை என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். விற்றுவிடச் சொன்னவர்களே அதிகம். விற்கவில்லை, கம்பி வலை கட்டி வாத்துகளைத் தனியாகப் பிரித்துவிட்டேன். இரவுக் கூடும் வேறு.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேவலுக்கு இல்லாத புணர்ச்சி உறுப்பு ஆண் வாத்துக்கு உண்டு, அதுவும் சுருள் வடிவில் நீளும். கோழியின் உடல் அதற்கு ஏற்றதல்ல; உள்ளே காயமாகிச் செத்தும் போகலாம். போகப் போகப் பழகிவிடும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

அப்புறம், பெட்டை வாத்துகளையும் கூட்டியிருக்கிறேன். ஓர் ஆணுக்கு 4, 5 பெட்டைகளாவது வேண்டும். முதுகில் இறகு கொட்டிய கோழிக்குப் புது இறகு முளைக்கிறது. இனச்சேர்க்கைப் பருவம் முடிந்தால் வாத்தின் மூர்க்கம் தணியும், ஆனாலும் வலையை எடுப்பதாக இல்லை.