தையலுக்கு விடும் துணிக்கு ஒரு சொல்: ‘விடுதுணி’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிக்குக் கொண்டுபோகும் துணிப்பொருள்களை, அதாவது பென்சில் பை, நோட்டு உறை, தண்ணீர்ப் புட்டி உறை, சுருக்குப்பை போன்றவற்றை, வீட்டிலேயே தைப்பதற்கான குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது எழுந்த ஒரு கலைச்சொல் சிக்கலைச் சென்ற மடலில் முன்வைத்திருந்தேன். துணியை வெட்டும்போது, தைத்து முடிந்தபின் வர வேண்டிய அளவுக்கு வெளியே, தையல் விழுவதற்காக விட்டு வெட்டும் அந்தக் குறுகிய பட்டையை என்னவென்று சொல்வது என்பதே கேள்வி. மறுமொழிகளில் ‘தையல் ஒதுக்கீடு’, ‘தையல் இடைவெளி’, ‘தையல் விளிம்பு’, ‘உள்துணி’ என்று நான்கு பரிந்துரைகள் வந்தன. நான்கையும் குறிப்புகளுக்குள் வைத்து எழுதிப் பார்த்தபின், எனக்கு அவற்றைவிடப் பொருத்தமாகத் தோன்றும் ‘விடுதுணி’ என்னும் சொல்லைக் குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

இதற்குத் தனிச்சொல் எதற்கு, ‘கூடுதல் துணி’ என்று எழுதினால் போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன். தைத்தபின் 20 செ.மீ. நீளமும் 10 செ.மீ. உயரமும் வர வேண்டிய பென்சில் பைக்கு நான் எழுதிய குறிப்பில், “20 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவு, கூடுதல் துணி எடுத்துக்கொள்ளவும்” என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துத் தைத்தவர் துணியைத் தாராளமாகவே வாங்கி வைத்திருந்தார். ஆனால் வெட்டியது சரியாக 20 செ.மீ.க்கு 10 செ.மீ. இரண்டு பக்கமும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் தைத்ததும் பையின் உள்நீளம் 18 செ.மீ. ஆகிவிட்டது. ரப்பர் பொருத்திய புதுப் பென்சில் ஏறத்தாழ 19 செ.மீ. இருக்கும், அது அந்தப் பைக்குள் நேராகப் படுக்கவில்லை. வெட்டிய துணியை மறுபடி நீட்ட முடியாது. பிழை அவருடையது அன்று, என் சொல்லினுடையது. வெட்ட வேண்டிய அளவு 22 செ.மீ.க்கு 12 செ.மீ. என்பதை விளக்க அந்தச் சொல்லுக்கு வலுவில்லை.

நோட்டு உறையை எடுத்துக்கொண்டால் சிக்கல் இன்னும் தெளிவாகும். 14.8 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் 1.5 செ.மீ. தடிமனும் உள்ள நோட்டைத் திறந்து வைத்தால், இரண்டு அட்டைகளும் முதுகும் சேர்ந்து 31.1 செ.மீ. வரும். அட்டை சிரமமின்றி நுழைந்து வெளிவர அரை செ.மீ. தளர்வு வேண்டும். அட்டையைச் செருகிக்கொள்ள இரு புறமும் 6 செ.மீ. மடிப்புச் செருகு வேண்டும். இவற்றுக்கெல்லாம் வெளியே, தையலுக்கென்று இரு புறமும் 1 செ.மீ. விட வேண்டும். ஆக மொத்த அகலம் 45.6 செ.மீ.; அதே கணக்கில் உயரம் 23.5 செ.மீ. இங்கே ‘கூடுதல்’ என்று சொல்லத்தக்கவை மூன்று இருக்கின்றன. மூன்றும் மூன்று வேலைகளுக்கானவை. தளர்வு குறைந்தால் உறை இறுகும், செருகு குறைந்தால் அட்டை நழுவும், தையலுக்கு விட்டது குறைந்தால் நாள்பட நூல் பிரிந்து மூட்டே விட்டுப்போகும். எது குறைந்தது என்று சொல்வதற்காவது மூன்றுக்கும் மூன்று பெயர்கள் இருந்தாக வேண்டும்.

இனி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘ஒதுக்கீடு’ என்பது ‘சீம் அலவன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்து அப்படியே பெயர்த்தது. அதைக் கேட்பவருக்கு நிதியோ இடப்பங்கீடோதான் நினைவுக்கு வரும். ‘தையல் இடைவெளி’யைப் பொறுத்தவரை, ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் உள்ள தூரம், அதாவது எந்திரத்தில் 2.5 மி.மீ. என்று திருகி வைத்துக்கொள்வது, அதுதான் என்று படிப்பவர் கொள்ள வாய்ப்பு மிகுதி. அதைவிட அடிப்படையான குறை வேறொன்று. இந்தப் பட்டை வெறும் அளவு அன்று. கையால் தொடக்கூடிய பொருள். தைத்து முடித்தபின் அதை நறுக்குகிறோம், விரித்துத் தேய்க்கிறோம், அதில் வெட்டுக் கொடுக்கிறோம், பிரியாமலிருக்க அதன் ஓரத்தில் ஓவர்லாக் அடிக்கிறோம். “இடைவெளியை விரித்துத் தேய்க்கவும்”, “ஒதுக்கீட்டின் மூலையை நறுக்கவும்” என்றெல்லாம் எழுதிப் பார்த்தால், அந்தச் சொற்கள் இந்த வினைகளைத் தாங்கவில்லை என்பது உடனே தெரிந்துவிடுகிறது. தையற் கலைச்சொல் எதற்கும் இதை முதல் சோதனையாக வைக்கலாம் என்பது என் கருத்து: கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் அந்தச் சொல்லின்மேல் படுமா என்று பார்க்க வேண்டும்.

‘விளிம்பு’ அந்தச் சோதனையில் ஓரளவு தேறுகிறது. ஆனால் அந்தச் சொல் நமக்கு வேறோர் இடத்தில் கட்டாயமாகத் தேவைப்படுகிறது. விளிம்பு என்பது துணி முடிகிற கோடு. நாம் பெயர் தேடுவது அந்தக் கோட்டிலிருந்து தையல் வரை உள்ள பட்டைக்கு. இரண்டும் ஒன்றானால் என்ன ஆகும் என்பதற்குப் புட்டி உறையின் வட்ட அடிப்பாகம் நல்ல எடுத்துக்காட்டு. புட்டியின் விட்டம் 7 செ.மீ. என்றால், தளர்வோடு சேர்த்துத் தையல் விழ வேண்டிய வட்டத்தின் விட்டம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுற்றிலும் 1 செ.மீ. விட்டு வெட்டினால் வெட்டிய வட்டத்தின் விட்டம் 10 செ.மீ. ஆகிவிடும். தையல் ஓடும் வட்டத்தின் சுற்றளவு 25.1 செ.மீ.; வெட்டிய விளிம்பின் சுற்றளவோ 31.4 செ.மீ. சுவர்போல் நிற்கும் நீளத்துண்டை 25.1 செ.மீ.க்குத்தான் கணக்கிட்டு, அதை மூட்டுவதற்காக மேலும் 2 செ.மீ. சேர்த்து 27.1 செ.மீ. என்று வெட்ட வேண்டும். புதிதாகத் தைப்பவர் அளவு நாடாவை வட்டத்தின் விளிம்பில் சுற்றி அளந்துவிட்டு, துண்டு ஏன் 6 செ.மீ. மிஞ்சுகிறது என்று திகைப்பார். விளிம்பையும் பட்டையையும் ஒரே சொல்லால் குறிக்கும் குறிப்பு அவருக்கு எந்த வகையிலும் உதவாது.

‘உள்துணி’ நல்ல தமிழ்ச்சொல். ஆனால் பைக்குள் முழுவதுமாக வைத்துத் தைக்கும் லைனிங்கிற்கு அதுவே ஏற்றது; பலர் அப்படி எழுதியும் வருகிறார்கள். அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

தையற்காரர்கள் வாயில் இதற்கு ஒரு பெயர்ச்சொல் நிலைபெற்றதாக நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு வினைச்சொல் உறுதியாக இருக்கிறது. “தையலுக்கு அரை இன்ச் விட்டு வெட்டு”, “உள்ளே துணி விட்டிருக்கிறதா பார்”, “விட்டது பத்தாது” என்றெல்லாம் பேசுகிறார்கள். சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் கத்தரியை ஓட்டாமல் சற்றே வெளியே தள்ளி வெட்டுகிற கை, அந்தச் செயலை ‘விடுதல்’ என்றே எண்ணுகிறது. மற்ற மொழிகள் இதை வேறு விதமாகப் பார்த்திருக்கின்றன. ஜெர்மன் மொழியில் இதற்கு ‘நாட்ட்சூகாபெ’ என்று பெயர். ‘நாட்’ என்பது மூட்டு, ‘சூகாபெ’ என்பது மேலே சேர்த்துக் கொடுப்பது. கச்சேரி முடிந்தபின் அவையோர் கேட்டுக்கொண்டதற்காகக் கூடுதலாகப் பாடும் பாட்டுக்கும் அதே ‘சூகாபெ’தான். ஜப்பானியத்தில் ‘நுயிஷிரோ’ என்கிறார்கள். காகித வேலையில் பசை தடவுவதற்காக விடும் மடிப்புக்கு ‘நோரிஷிரோ’ என்று சொல்வதால், ‘இந்த வேலைக்கென்று வைத்த பகுதி’ என்ற பொருளில் ‘ஷிரோ’ இரண்டு கைத்தொழில்களுக்கும் பொதுவாக நிற்கிறது. ஜெர்மன் சேர்க்கிறது, ஜப்பானியம் வைக்கிறது, தமிழ் விடுகிறது. நம் மொழியில் கைவினைஞர் ஏற்கெனவே ஒரு வினையைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது, நாம் வேறொன்றை அவர்கள்மேல் ஏற்றுவது முறையன்று என்றே கருதுகிறேன்.

அந்த வினையைத் துணியோடு சேர்த்தால் ‘விடுதுணி’. விட்ட துணி, விடுகின்ற துணி, விடும் துணி என மூன்று காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போன்ற அமைப்பு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘விடுத்துணி’ என்று எழுதுவது பிழை. இந்தக் காலம் கரந்த அமைப்பு நம் தேவைக்கு மிகவும் இசைவாக இருக்கிறது. வெட்டுவதற்கு முன் அது விடப்போகும் துணி, தைக்கும்போது விட்ட துணி. குறிப்பு எழுதுபவர் எந்தக் கட்டத்தில் நின்றாலும் சொல் மாற வேண்டியதில்லை. வரையறையாகச் சொன்னால், வெட்டுக்கோட்டுக்கும் தையல்கோட்டுக்கும் இடையே நிற்கும் துணிப்பட்டையே விடுதுணி.

இதற்கு எழக்கூடிய மறுப்பு எனக்கும் தோன்றியது. ‘விடு’ என்பதைக் ‘கைவிடு’ என்று கொண்டு, வேண்டாமென்று கழித்த துணி என்று யாரேனும் படிக்கலாம். அப்படிக் கழிபவற்றுக்குத் ‘துண்டுத் துணி’, ‘வெட்டுத்துணி’ என்ற வழக்குகள் இருப்பதால் மயக்கம் நீடிக்காது என்று நம்புகிறேன். மேலும் “எவ்வளவு விட்டாய்?” என்று தையல் எந்திரத்தின் முன் கேட்டால், கழித்ததைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எவரும் எண்ணுவதில்லை. சொல் புழங்கும் இடமே பொருளைக் காட்டிவிடும்.

அடைமொழி ஏற்கும் தன்மையும் கலைச்சொல்லுக்கு வேண்டும். 20 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள சுருக்குப்பையை ஒரே துணியில், அடிப்பக்கத்தை மடித்துத் தைப்பதாகக் கொள்வோம். பக்கங்களில் 1 செ.மீ. மூட்டு விடுதுணி. மேலே நாடா கோக்கும் மடிப்புக்காக, 1 செ.மீ. உள்மடிப்பும் 3 செ.மீ. வெளிமடிப்புமாக 4 செ.மீ. மடிப்பு விடுதுணி. அடியில் மடிப்பே இருப்பதால் விடுதுணி இல்லை. ஆகவே 22 செ.மீ.க்கு 58 செ.மீ. வெட்ட வேண்டும். ஒரே துணியின் வெவ்வேறு ஓரங்கள் வெவ்வேறு அளவு கேட்பதை இந்தச் சொல் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. இங்கே ‘மூட்டு’ என்று நான் எழுதியது தற்செயல் அன்று. ‘தையல்’ என்பது தொழிலையும், ஊசி போடும் ஒவ்வொரு பிடியையும், இரு துணிகள் சேரும் கோட்டையும் ஒருங்கே குறிப்பதால் குழப்பம் வருகிறது. கைலியை ‘மூட்டுவது’ என்று வீட்டில் சொல்லும் வழக்கு நம்மிடம் உண்டல்லவா? இரு துணி சேரும் கோட்டுக்கு மூட்டு என்பதைப் பொதுவாக்கிவிடலாம்.

வெட்ட வேண்டிய வடிவங்களை வரைந்து தரும் அளவுத்தாள்களில் இந்தச் சொல்லின் பயன் பெரிது. அச்சிட்ட அளவுத்தாள்கள் எல்லாம் ஒரே முறையில் வருவதில்லை. வீட்டில் தைப்பவர்களுக்காக விற்கும் ஆடை அளவுத்தாள்கள் பலவற்றில் 5/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.6 செ.மீ., ஏற்கெனவே சேர்ந்திருக்கும். சிறு துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணி வேலையில் கால் அங்குலமே வழக்கம். 1950-இல் தொடங்கிய ஜெர்மானியத் தையல் இதழான புர்டாவின் அளவுத்தாள்களிலோ அதைத் தைப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் வெளியிடும் ஒவ்வோர் அளவுத்தாளின் தலைப்பிலும் ‘விடுதுணி சேர்ந்தது’ அல்லது ‘விடுதுணி சேராதது’ என்று இரண்டு சொற்கள் இருந்துவிட்டால், எத்தனையோ பைகள் சின்னதாகிப் போகாமல் தப்பும்.

இதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் பரிந்துரைக்கிறேன். பையின் வெளியே தெரியும் முகத்துணியையும் உள்துணியையும் நல்ல பக்கங்கள் உள்ளே இருக்குமாறு வைத்துச் சுற்றித் தைத்தபின், பையை வெளியே திருப்புவதற்காகத் தைக்காமல் விடும் திறப்பை ‘திருப்புவாய்’ எனலாம். பைக்கு வாய் என்பது பழகிய சொல். திருப்புவதற்கான வாய் என்பது சொல்லாமலே விளங்கும். கை நுழைய 7, 8 செ.மீ. இருந்தால் போதும்.

எழுதிப் பார்த்த ஒரு குறிப்பை அப்படியே தருகிறேன். தைக்கத் தெரிந்த, இந்த விவாதத்தை அறியாத ஒருவரிடம் இதைப் படிக்கக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார் என்று குழுவினர் எழுத வேண்டும்.

“சுற்றிலும் 1 செ.மீ. விடுதுணி வைத்து, அடிப்பக்கத்தில் 8 செ.மீ. திருப்புவாய் விட்டு மூட்டவும். திருப்புவாயின் இரு முனையிலும் தையலை முன்னும் பின்னுமாக ஓட்டிக் கெட்டிப்படுத்தவும். மூலைகளில் விடுதுணியைத் தையலுக்கு 2 மி.மீ. தள்ளிக் குறுக்காக நறுக்கவும். இல்லையென்றால் திருப்பியபின் மூலை தடித்து மழுங்கி நிற்கும். வெளிவளைவுகளில் விடுதுணியைச் சிறு முக்கோணங்களாக வெட்டி எடுக்கவும். உள்வளைவுகளில் நேர்வெட்டு மட்டும் கொடுக்கவும். எந்த வெட்டும் தையலைத் தொடக் கூடாது. நேரான மூட்டுகளில் விடுதுணியை இரு பக்கமும் விரித்துத் தேய்த்துவிட்டு, பையைத் திருப்பவும். திருப்புவாயின் விடுதுணியை உள்ளே மடித்து, ஓரத்தையொட்டித் தைத்து மூடவும்.”

ஃபெல்ட் போன்ற நூல் பிரியாத துணிகளுக்கு விடுதுணி எவ்வளவு குறையலாம் என்பதையும், துணியோடு தேய்த்து ஒட்டும் விறைப்புத் துணிக்கு ‘கேன்வாஸ்’ என்ற வழக்கையே வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அடுத்த மடலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குமுன் ‘விடுதுணி’க்கு மறுப்பு உள்ளவர்கள், தங்கள் மாற்றுச் சொல்லை மேலே உள்ள குறிப்பில் அதே இடங்களில் வைத்து எழுதி அனுப்ப வேண்டுகிறேன்.