உருகும் பனிக்கட்டிக்குக் கொடுத்த வெப்பம் எங்கே போகிறது?

தெம்பனிஸ்வாசி:
தொடக்கநிலை 5இல் படிக்கும் என் மகளுக்கு அறிவியல் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது எழுந்த ஐயம் இது. பனிக்கட்டியைச் சூடாக்கினாலும், அது முழுவதும் உருகி முடியும்வரை வெப்பமானி 0 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. கொதிக்கும் நீரும் அவ்வாறே 100 டிகிரியில் நின்றுவிடுகிறது. அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கிறது, அந்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்கிறாள். விதியைத் திரும்பச் சொல்லாமல் காரணத்தை விளக்க யாரேனும் உதவ முடியுமா?

ஈசூன் வாசகர்:
நல்ல கேள்வி, ஐயா. மூலக்கூறுகள் சராசரியாக எவ்வளவு விரைவாக அசைகின்றன என்பதைத்தான் வெப்பநிலை காட்டுகிறது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒழுங்கான அமைப்பில் கட்டுண்டிருப்பதால், உருகும் வேளையில் நாம் கொடுக்கும் வெப்பம் அவற்றின் வேகத்தைக் கூட்டாமல் அந்தக் கட்டைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது. இதை உள்ளுறை வெப்பம் என்பார்கள். 1760களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் இதை ஆராய்ந்து அளந்தார்.

அளவைக் கேட்டால் உங்கள் மகள் வியப்பாள். 0 டிகிரியில் உள்ள 1 கிலோ பனிக்கட்டி நீராக மாற 334 கிலோஜூல் தேவை. அதே வெப்பத்தைக் கொண்டு 1 கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். கொதிநீர் ஆவியாவதற்கோ கிலோவுக்கு 2,260 கிலோஜூல் வேண்டும், ஏனெனில் அங்கே மூலக்கூறுகள் ஒன்றையொன்று அறவே விட்டு விலக வேண்டியிருக்கிறது. (வீட்டில் செய்து பார்ப்பதானால் பனிக்கட்டியும் நீரும் கலந்த கலவையைக் கிளறிக்கொண்டே இருங்கள், இல்லையேல் பாத்திரத்தின் அடியில் நீர் முன்னதாகவே சூடேறிவிடும்.)

குளிர்சாதனப் பணியாளர்:
போன வெப்பம் திரும்பியும் வரும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊரின் ஈரக்காற்று குளிர்சாதனத்தின் குளிர்ந்த குழாய்ச்சுருள்மீது படும்போது நீராவி நீராகச் சுருங்கி, தன் உள்ளுறை வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. வடிகுழாயில் 1 லிட்டர் நீர் வடிந்தால், அந்த நீருக்காக மட்டும் ஏறத்தாழ 0.7 கிலோவாட் மணி வெப்பத்தைக் கருவி வெளியேற்றியிருக்கிறது என்று பொருள். அறை ஒரு டிகிரிகூடக் குளிராமலே இவ்வளவு வேலை நடந்திருக்கலாம். சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு குளிர்சாதனத்தை ஓட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை.

தெம்பனிஸ்வாசி:
இருவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி: நீர் 100 டிகிரியில்தான் ஆவியாகும் என்றால், மூங்கில் கழியில் காயப்போட்ட துணி 30 டிகிரியில் எப்படி உலர்கிறது?

ஈசூன் வாசகர்:
100 டிகிரி என்பது கொதிநிலை. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நடக்கும். நீரிலுள்ள எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் இருப்பவற்றுள் மிக விரைவானவை பிணைப்பை மீறி வெளியேறிவிடுகின்றன. வேகமானவை போய்விடுவதால் எஞ்சிய நீர் குளிர்ந்து, இழந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து பெற்றுக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஏறக்குறைய வெளியேறிய அளவு மூலக்கூறுகள் துணிக்கே திரும்பிவிடும். மழை நாளில் துணி காயாததற்கு இதுவே காரணம். அப்போது மின்விசிறியைத் துணியின் பக்கம் திருப்பிவைத்தால், ஈரம் நிறைந்த காற்று விலகிச் சீக்கிரம் உலரும்.