தனிநலப் போக்கும் சென்னையின் நிலத்தடி நீரும்

வடிகால்:
பொதுவில் கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்காமல், தன் வீட்டு மட்டில் ஒரு வழி செய்துகொண்டு ஒதுங்கிவிடுவதையே நான் தனிநலப் போக்கு என்கிறேன். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளே இதற்குச் சான்று. குழாயில் தண்ணீர் நின்றால், போரை இன்னும் நூறடி இறக்கலாமா, லாரிக்குச் சொல்லலாமா என்பதோடு சங்கக் கூட்டம் முடிந்துவிடுகிறது. குடிநீர் வாரியத்திடம் யார் போய்க் கேட்பது என்ற பேச்சே எழுவதில்லை.

மேல்மாடி:
ஐயா, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நடைக்கு 25 லட்சம் லிட்டர் வரவழைத்த நாட்களில், படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவரை வீட்டில் வைத்துக்கொண்டு லாரிக்குப் பணம் கொடுத்தவரை ஒதுங்கியவர் என்பது நியாயமன்று. மேலும், 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, தன் கிணறு ஊறட்டும் என்றுதான் பலரும் தொட்டி கட்டினார்கள். ஆனால் நீர்மட்டம் தெருவுக்கே உயர்ந்தது. தன் காரியத்தைப் பார்ப்பவன் பொதுநலத்துக்குப் பகைவன் என்று ஏன் கொள்ள வேண்டும்?

வடிகால்:
சட்டம் வற்புறுத்தியதால் கட்டியதைத் தன்னார்வத்தின் கணக்கில் எழுதாதீர்கள். அந்தத் தொட்டிகளில் பலவற்றை இன்று திறந்தால், மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய் ஒருபுறம் உடைந்து தொங்க, கூழாங்கல்லின் மேல் சேறு இறுகிக் கிடக்கும், கட்டியவரே தூர்வாருவதில்லை. இதன் வேர் ஆழமானது. தன் நிலத்தடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்துக்குரியவருக்கு உண்டென்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே ஏற்கிறது. நிலத்தடி நீருக்கோ காம்பவுண்டுச் சுவர் கிடையாது. வசதியுள்ளவர் ஆழ இறக்க இறக்கப் பக்கத்து வீட்டு உறைகிணறு வற்றுகிறது. அந்த வீட்டார் குடத்தோடு தெருமுனைத் தொட்டியில் நிற்கிறார்கள்.

உவர்மண்:
இருவரும் சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரை மறந்துவிட்டீர்கள். அங்கே கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியதற்கு விவசாயக் கிணறுகளோடு, நகரத்துக்காக வாரியம் இறைத்த கிணறுகளும் காரணம். பொது அமைப்பே இப்படி உறிஞ்சியபோது, அடுக்குமாடிக்காரரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எப்படிப் பொருந்தும்?

மேல்மாடி:
அதையேதான் நானும் கேட்கிறேன். அரசை நம்ப முடியாதபோது மக்கள் தம்மை நம்புகிறார்கள்.

வடிகால்:
மீஞ்சூர் என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. தங்கள் குழாயில் வருகிறதா என்று பார்த்த நகரத்தார், அது எந்த ஊரின் அடியிலிருந்து வருகிறது என்று கேட்டிருந்தால் வாரியம் அவ்வளவு துணிந்திருக்குமா? சென்னைப் பெருநகரப் பகுதியில் கிணறு தோண்ட அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1987-இலிருந்தே இருக்கிறது. மேல்மாடி அவர்களே, தங்கள் குடியிருப்பில் அடுத்த முறை போர் போடும் ரிக் வண்டி வந்து நிற்கும்போது, செலவை எத்தனை பங்காகப் பிரிப்பது என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் அந்த அனுமதிக் கடிதத்தை யாராவது கேட்பார்களா?