கூடுதல் நான்கு லட்சம் எதற்கு? நடுத்தர, உயர்நிலை ஒலிக்கருவிகள் குறித்து

மாடிவீட்டுக்காரன்:
என் கூடம் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. 8 ஓமில் 50 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர்களும் வைத்திருக்கிறேன். ஸ்பீக்கரை அப்படியே விட்டு, ஆம்ப்ளிஃபயரையும் டிஏசியையும் (டிஜிட்டல் பதிவை மின் அலையாக மாற்றும் கருவி) மட்டும் உயர்நிலைக்கு மாற்றினால் கச்சேரி மேடையே வீட்டுக்கு வந்துவிடும் என்கிறார் கடைக்காரர். நான்கு லட்சம் ஆகுமாம். அந்தப் பணத்துக்கு உண்மையில் எது மாறும்?

மின்மாற்றி:
கடைக்காரர் சொல்வது முழுப் பொய் அல்ல. 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்குவதுண்டு. மின்னழுத்தம் தளராத ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் 50 வாட் தந்தால் 4 ஓமில் 100 வாட் தர வேண்டும். நடுத்தர விலைக் கருவிகளில் மின்மாற்றியும் மின்தேக்கிகளும் சிறியவை என்பதால், அவற்றில் பல அந்த இரட்டிப்பை எட்டுவதில்லை. மிருதங்கத்தில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பியில் விழும் அடி தட்டையாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவுகோல்:
டிஏசியை முதலில் பட்டியலிலிருந்து நீக்குங்கள். 2007இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவு வட்டுகளின் ஒலியை நேரடியாகவும், சிடியின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வழியே செலுத்தியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தனர். 554 முறை கேட்டதில் 276 விடைகளே சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதே அளவு கிடைத்திருக்கும். அந்த வேறுபாடே காதுக்குத் தெரியாதபோது விலையுயர்ந்த டிஏசி எதைக் கூட்டும்?

பணம் வேலை செய்யும் இடம் ஸ்பீக்கர்தான். கெஃப் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த யூனி-க்யூ டிரைவர், அதாவது உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டரை நடுவில் பொதிந்த கூம்பு, 2012இல் வந்த அவர்களது சிறிய எல்எஸ்50 ஸ்பீக்கரிலும் இருக்கிறது, பல மடங்கு விலையுள்ள பிளேடு ஸ்பீக்கரிலும் இருக்கிறது. பிளேடில் கூடுதலாக இருப்பவை முதுகோடு முதுகாகப் பொருத்தப்பட்ட தாழ்ந்த ஒலிக்கான நான்கு பாஸ் டிரைவர்கள். ஒன்றின் உதைப்பை மற்றொன்று சமன்செய்வதால் பெட்டி அதிர்வதில்லை. அதே உரப்பில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும் என்னும்போது, எல்எஸ்50இன் ஐந்தேகால் அங்குலக் கூம்பு ஒன்று எவ்வளவுதான் செய்யும்?

மின்மாற்றி:
டிஏசி விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் நீங்கள் காட்டிய எல்எஸ்50இன் விவரக்குறிப்பையே பாருங்கள்: 8 ஓம், குறைந்தது 3.2 ஓம், உணர்திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் தரும் உரப்பு) 85 டெசிபல். 50 வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 102 டெசிபல் கிடைக்கும். இன்னும் 3 டெசிபல் வேண்டுமென்றால் 100 வாட் தேவை. இதைவிடக் கனமான ஆம்ப்ளிஃபயரை ஆடம்பரம் என்று எப்படி ஒதுக்குவது?

அளவுகோல்:
ஆடம்பரம் என்று நான் சொல்வது விலையை, வாட்டை அல்ல. 4 ஓமைத் தயங்காமல் தாங்கும் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபயர்கள் இன்று நடுத்தர விலைக்கே கிடைக்கின்றன. அவற்றுக்கு மேல் கொடுப்பதில் பெரும்பகுதி தடித்த அலுமினிய முகப்புக்கும் பெயருக்கும் போகிறது. அது தவறில்லை, நானும் அழகான பெட்டியை விரும்புபவன்தான்.

மாடிவீட்டுக்காரரே, உங்கள் சோபா பின்சுவரை ஒட்டியிருக்கிறதா? 12 அடி நீள அறையில் 47, 94 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் நிலை அலைகள், அதாவது சுவர்களுக்கிடையே எதிரொலித்து இடம்பெயராமல் நிற்கும் அலைகள், உருவாகும். சுவரோரம் அமர்பவருக்கு இரண்டும் உச்சத்தில் கேட்கும். சோபாவை 2 அடி முன்னால் இழுத்தால் 94 ஹெர்ட்ஸின் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகும். எந்த ஆம்ப்ளிஃபயரும் இதைச் செய்யாது.

மாடிவீட்டுக்காரன்:
ஒட்டித்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், தொப்பியின் குமுறல் அடங்கி, அடிக்கும் அடிக்கும் இடைவெளி தெரிகிறது. ஆனால் ஒலியைக் கூட்டினால் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் ஏதோ இறுகுவது போலவே இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சோபாதான் இப்போது இடைஞ்சல்.

மின்மாற்றி:
அந்த இறுக்கத்தைத்தான் ஐயா நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அளவுகோல்:
அது கூம்பின் எல்லையாகவும் இருக்கலாம். பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இரவல் வாங்குங்கள். ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்மீட்டர் வைத்து இரண்டின் உரப்பையும் 0.1 டெசிபலுக்குள் சமன்செய்யுங்கள். எது ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றட்டும்.

மின்மாற்றி:
சம்மதம். ஆனால் இறுக்கம் கேட்கும் அதே உரப்பில் சோதியுங்கள். முணுமுணுக்கும் ஒலியில் எந்த ஆம்ப்ளிஃபயரும் தோற்காது.