ஊரில் இருக்கும் அம்மாவின் டிவிக்குத் தனிச் சந்தா எடுப்பதா?

நான் சென்னையில், அப்பா அம்மா திருநெல்வேலியில். ஒரே ஓடிடி கணக்கைத்தான் இரண்டு வீட்டிலும் பார்த்து வந்தோம். ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் அறிவித்தது. இப்போது நாங்கள் பார்க்கும் வேறொரு செயலியிலும் அதே கெடுபிடி.

ஊரில் டிவியைப் போட்டால் என் போனுக்கு ஓடிபி வருகிறது. நான் மீட்டிங்கில் இருந்தால் அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அணைத்துவிடுகிறார். முழங்கால் வலியால் அதிகம் வெளியே போகாதவர், மாலையில் அவருக்கு அதுதான் துணை.

பணம் கட்டத் தயார். தனிச் சந்தா நல்லதா, ஓடிடி சேர்த்துத் தரும் பிராட்பேண்ட் திட்டமா? மொபைலுக்கு மட்டுமான திட்டம் வேண்டாம், அம்மாவுக்குப் பெரிய திரை வேண்டும். அப்புறம், அவர் பாதியில் விட்ட தொடர்களோடு புரொஃபைலைப் புதுக் கணக்குக்கு மாற்ற முடியுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.